இரவு 9.50க்கு உள்ளே, காலை 7.25க்கு வெளியே: எத்தனை மணி நேரம்?

காட்கோபர் ஸ்டேஷன் பாலத்தில் காலை வேளையில் சற்று நின்று பாருங்கள். யாரும் "எட்டு மணி வண்டி" என்று பேசுவதில்லை. "8.13 போய்விட்டதா?", "8.22 பாஸ்டா, ஸ்லோவா?" என்றுதான் கேட்பார்கள். நிமிடத்தையே பெயராக வைத்து ரயிலைக் கூப்பிடும் ஊர் இது!

இப்படி நிமிடத்தோடு நிமிடமாக ஓடுகிற நம்மவர்களிடம் ஒரு சின்னக் கேள்வி கேட்டுப் பாருங்கள்.

ஒருவர் இரவு 9.50க்கு வேலைக்கு உள்ளே போனார். மறுநாள் காலை 7.25க்கு வெளியே வந்தார். எத்தனை மணி நேரம் உள்ளே இருந்தார்?

உடனே பதில் வராது. விரலை மடக்குவார்கள். மேலே பார்ப்பார்கள். ஒருவர் "ஒன்பதே முக்கால்" என்பார். இன்னொருவர் "பத்தே கால்" என்பார்.

இரண்டும் தப்பு. சரியான விடை 9 மணி 35 நிமிடம்.

இதில் என்ன பெரிய விஷயம் என்று நினைக்காதீர்கள். இந்தக் கணக்கில்தான் பலருடைய கூலி இருக்கிறது. ஊருக்குப் போகும் வண்டி இருக்கிறது. பிள்ளையின் ஜாதகமும் இருக்கிறது! முப்பது வருஷம் டைம் ஆபீஸ் குமாஸ்தாவாகக் கார்டு பார்த்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அண்ணாச்சியின் நோட்டுப் புத்தகம்

1983ஆம் ஆண்டு. பழைய ஆக்ரா ரோடு என்று பெரியவர்கள் இன்றும் சொல்லும் லால்பகதூர் சாஸ்திரி மார்க்கில் ஓர் இஞ்சினீயரிங் பட்டறையில் எனக்கு வேலை. அறுபது பேர் வேலை செய்தார்கள். பாதிப் பேர் நம்மவர்கள்.

காலை ஷிப்ட் 7.30க்குத் தொடங்கி 4 மணிக்கு முடியும். நடுவில் அரை மணி சாப்பாடு. ஆக வேலை நேரம் எட்டு மணி. அதற்கு மேல் நின்றால் ஓவர்டைம். எங்கள் ஒப்பந்தப்படி எட்டு மணிக்கு மேல் எல்லாமே இரட்டைக் கூலி. டர்னர்களுக்கு அது மணிக்கு எட்டு ரூபாய் வந்தது.

காமராஜ் நகரில் குடியிருந்த டர்னர் ஒருவர் இருந்தார். திருநெல்வேலிப் பக்கம். எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். ஆனால் சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்ன நோட்டு வைத்திருப்பார். உள்ளே வந்த மணி, வெளியே போன மணி, இரண்டையும் அன்றன்றைக்கே எழுதிவிடுவார்.

ஒரு பகார் நாள். சம்பளக் கவரைப் பிரித்துப் பார்த்துவிட்டு நேரே என் மேஜைக்கு வந்தார்.

"தம்பி, நாலு மணிக்கு மேல அஞ்சே முக்கா வரைக்கும் நின்னா எவ்வளவு நேரம்?"

"ஒண்ணே முக்கால் மணி, அண்ணாச்சி."

"முக்கா மணிக்கு எட்டு ரூவாயில எவ்வளவு?"

"ஆறு ரூபாய்."

"உங்க கணக்குல மூணு ரூவா அறுவது காசுல்லா போட்டிருக்கு?"

எனக்குப் புரியவில்லை. "மெஷின் போட்ட கணக்கு, அண்ணாச்சி. மெஷின் தப்பாது" என்றேன். அந்தப் பதிலை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அவர் சிரிக்கவில்லை. "மணிக்கு எத்தனை நிமிசம்னு உங்க மெஷினுக்கு யாரு சொல்லிக் கொடுத்தா?" என்று கேட்டார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது!

மெஷினுக்குத் தெரிந்தது நூறுதான்

ஆபீஸுக்குப் புதிதாகக் கால்குலேட்டர் வாங்கியிருந்தார்கள். கார்டில் 4.00 என்றும் 5.45 என்றும் இருக்கும். நாங்கள் 5.45ல் 4.00ஐக் கழித்து 1.45 என்று எடுத்துக்கொண்டோம். அதை அப்படியே எட்டால் பெருக்கினோம். 11 ரூபாய் 60 காசு வந்தது.

ஆனால் 1.45 என்று நாம் எழுதுவது ஒரு மணியும் 45 நிமிடமும். மெஷினோ அதை ஒரு மணியும், மணியில் நூற்றில் 45 பங்கும் என்று எடுத்துக்கொள்கிறது. ரூபாய்க்கு நூறு காசு. மணிக்கு அறுபது நிமிடம். புள்ளி ஒன்றுதான், அதன் அர்த்தம் வேறு.

45 நிமிடம் என்பது மெஷின் மொழியில் 0.75. அதன்படி 1.75ஐ எட்டால் பெருக்கினால் 14 ரூபாய் வரும். ஒரு நாளைக்கு அண்ணாச்சிக்குப் போன நட்டம் 2 ரூபாய் 40 காசு.

அந்த மாதம் பத்து நாள் ஓவர்டைம். ஒருவருக்கு 24 ரூபாய். அறுபது பேருக்கு 1,440 ரூபாய்! எல்லாரும் அதே அளவு நின்றிருந்தால் வருஷத்துக்கு ஒருவருக்கு 288 ரூபாய் பறிபோயிருக்கும். அன்றைக்கு அது மூன்று வாரச் சம்பளத்துக்குக் கிட்டத்தட்டச் சமம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் ஒரு வாரச் சம்பளத்துக்கு மேல்.

யாரும் வேண்டுமென்று செய்ததல்ல. ஆனால் இதில் ஒரு விசித்திரம் இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்க எனக்கே சில நாள் ஆயிற்று.

நிமிடத்தில் கடன் வாங்க வேண்டிய அவசியம் இல்லாத நாளில், அதாவது 5.45ல் 4.00 போன்ற கணக்கில், மெஷின் எப்போதும் குறைவாகத்தான் காட்டும். நட்டம் தொழிலாளிக்கு. கடன் வாங்க வேண்டிய நாளில் மெஷின் அறுபதைக் கடன் வாங்காமல் நூறைக் கடன் வாங்கும். அதனால் நிமிடத்தில் 40 கூடிப்போகும். அன்றைக்கு நட்டம் முதலாளிக்கு.

அப்படியானால் இரண்டும் சரிக்குச் சரி ஆகிவிடாதா?

ஆகாது! மேலே கேட்ட இரவுக் கணக்கையே பாருங்கள். காலை 7.25ஐ 19.25 ஆக்கி, 9.50ஐக் கழித்தால் மெஷின் 9.75 என்று காட்டும். 75 நிமிடம் என்று ஒன்று உண்டா? பார்த்த மாத்திரத்தில் கணக்கரின் கண்ணில் படும். சிவப்பு மையால் திருத்திவிடுவார். ஆனால் 1.45, 2.30, 0.50 என்று வருவதெல்லாம் பார்வைக்கு ஒழுங்காக இருக்கும். யாருக்கும் சந்தேகம் வராது. கம்பெனிக்கு நட்டமான பிழைகள் பெரும்பாலும் மாட்டிக்கொள்ளும். தொழிலாளிக்கு நட்டமான பிழைகள் சட்டை மடித்துக்கொண்டு நல்ல பிள்ளைபோல உட்கார்ந்திருக்கும்!

நான் மானேஜரிடம் போய்ச் சொன்னேன். முதலில் நம்பவில்லை. அண்ணாச்சியின் நோட்டை வைத்துப் போட்டுக் காட்டியதும் பேசாமல் கேட்டுக்கொண்டார். அடுத்த மாதத்தில் இருந்து சரி செய்தார்கள். நிலுவை ஆறு மாதத்துக்கு மட்டும் கிடைத்தது. அதற்கு முந்தியதற்குக் கார்டு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். கார்டு இல்லாதவர்கள் கேட்க முடியவில்லை. நோட்டு வைத்திருந்தவர் அண்ணாச்சி ஒருவர்தான்!

இன்றைக்கு விரலை வைத்தால் மணி பதிவாகிவிடுகிறது. கணக்கும் கம்ப்யூட்டர் போடுகிறது. ஆனாலும் சின்னப் பட்டறைகளிலும், செக்யூரிட்டி வேலையிலும், ஓட்டல்களிலும் பேப்பரில் எழுதி, கையில் உள்ள போனில் பெருக்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். போனில் உள்ள கால்குலேட்டருக்கும் நூறுதான் தெரியும். ஆகவே நிமிடத்தை முதலில் 60ஆல் வகுத்துவிட்டுப் பிறகு கூலியால் பெருக்க வேண்டும். 15 நிமிடம் என்றால் 0.25. அரை மணி என்றால் 0.50. ஆறு நிமிடத்துக்கு 0.10. இதை மட்டும் நினைவில் வைத்தால் போதும், மற்றதெல்லாம் கூட்டிக்கொள்ளலாம்.

கழிக்க வேண்டாம், நடந்து போங்கள்!

இரண்டு மணிகளுக்கு நடுவில் எவ்வளவு நேரம் என்று கண்டுபிடிக்கக் கழித்தல் கணக்கே தேவை இல்லை. கடைக்காரர் சில்லறை கொடுப்பதுபோலக் கூட்டிக்கொண்டே போகலாம். இது அண்ணாச்சியின் வழி.

9.50ல் நிற்கிறீர்கள். பத்து மணிக்குப் போக 10 நிமிடம். பத்தில் இருந்து நள்ளிரவு 12க்கு 2 மணி. அங்கே இருந்து காலை 7.25க்கு 7 மணி 25 நிமிடம். எல்லாவற்றையும் கூட்டுங்கள். 9 மணி 35 நிமிடம். அவ்வளவுதான்!

நள்ளிரவு 12 மணியை ஒரு ஸ்டேஷன் மாதிரி நினைத்துக்கொள்ள வேண்டும். அங்கே ஒருதரம் இறங்கி ஏற வேண்டும். அதை விட்டுவிட்டு நேராகத் தாண்டப் பார்த்தால்தான் கணக்கு தடுக்கி விழும்.

பகலில் என்றால் உச்சி 12 மணி. காலை 10.40ல் இருந்து மாலை 3.15 வரை? பதினொன்றுக்கு 20 நிமிடம், பன்னிரண்டுக்கு 1 மணி, பிறகு 3 மணி 15 நிமிடம். கூட்டினால் 4 மணி 35 நிமிடம்.

கழித்துத்தான் பார்ப்பேன் என்பவர்கள் ரயில்வேக்காரர்களைப்போல 24 மணிக் கணக்குக்கு மாறிவிடுவது நல்லது. மத்தியானம் ஒன்றில் இருந்து பன்னிரண்டைக் கூட்ட வேண்டும். மாலை 5.45 என்பது 17.45. இரவு 9.50 என்பது 21.50. பகல் 12 அப்படியே 12. நள்ளிரவு 12 மட்டும் பூஜ்யம். இந்த இரண்டு பன்னிரண்டில்தான் பாதிப் பேர் குழம்புகிறார்கள். மறுநாள் ஆகிவிட்டால் கடைசி மணியோடு 24ஐக் கூட்டிக்கொள்ள வேண்டும். 7.25 என்பது 31.25 ஆகும். 31.25ஐ 30 மணி 85 நிமிடம் என்று பிரித்து, 21.50ஐக் கழித்தால் அதே 9 மணி 35 நிமிடம்.

இதில் அரை மணி சாப்பாட்டு நேரத்தைத் தள்ளினால் வேலை 9 மணி 5 நிமிடம். எட்டு மணி ஷிப்ட் என்றால் கூடுதல் 1 மணி 5 நிமிடம்.

ராத்பாளிக்காரருக்கு நாள் எப்போது முடிகிறது?

ராத்பாளி செய்கிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "இரவு 12 மணிக்குத் தேதி மாறிவிடுகிறதே. அப்படியானால் 12க்கு முன்னால் செய்த வேலை ஒரு நாள், பின்னால் செய்தது இன்னொரு நாள் ஆகிவிடாதா? அப்புறம் ஓவர்டைம் எங்கே இருந்து வரும்?"

நியாயமான கேள்வி. இப்படி இரண்டாகக் கிழித்தால் எந்த நாளிலும் எட்டு மணியே சேராது!

இதற்குச் சட்டத்திலேயே பதில் இருக்கிறது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 57வது பிரிவு இதைச் சொன்னது. நள்ளிரவைத் தாண்டும் ஷிப்டில் 12க்குப் பிறகு செய்த வேலையையும் முந்திய நாளின் கணக்கிலேயே சேர்க்க வேண்டும். அந்தத் தொழிலாளிக்கு "மறுநாள்" என்பது அவருடைய ஷிப்ட் முடிந்த நேரத்தில் இருந்து 24 மணி நேரம். அவர் வெளியே வந்து டீக்கடையில் நிற்கும்போதுதான் அவருக்கு நாள் பிறக்கிறது!

அந்தச் சட்டம் நாளுக்கு 9 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வரம்பு கட்டியது. அதற்கு மேல் வாங்கும் வேலைக்கு இரட்டைக் கூலி என்றது. எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் உள்ள ஒரு மணிக்கு என்ன கூலி என்பது கம்பெனிக்குக் கம்பெனி வேறுபட்டது. எங்கள் பட்டறையில் ஒப்பந்தத்தால் இரட்டை கிடைத்தது. பல இடங்களில் கிடைக்கவில்லை.

2025 நவம்பர் 21 முதல் பழைய சட்டங்களின் இடத்தில் புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் வந்திருக்கின்றன. அவற்றிலும் கூடுதல் நேரத்துக்கு இரட்டைக் கூலி உண்டு. நள்ளிரவைத் தாண்டும் ஷிப்டுக்கான ஏற்பாடும் உண்டு. ஆகவே "தேதி மாறிவிட்டது, ஓ.டி. இல்லை" என்று யாராவது சொன்னால் சும்மா இருந்துவிடாதீர்கள்.

00.20 என்றால் எந்த ராத்திரி?

ஊருக்குப் போகும் விஷயத்துக்கு வருவோம். இது சிரிப்பும் வருத்தமும் கலந்த கதை.

எங்கள் சாளில் ஒரு குடும்பம். பொங்கலுக்கு ஊருக்குப் போக இரண்டு மாதம் முன்பே டிக்கெட் எடுத்துவிட்டார்கள். 13ஆம் தேதி, 00.20 மணி வண்டி. 13ஆம் தேதி பூராவும் மூட்டை கட்டினார்கள். மிளகாய்ப் பொடி தடவிய இட்லி, புளிச்சாதம், ஊரில் உள்ள பேரப் பிள்ளைகளுக்குப் பலகாரம், எல்லாம் தயார். இரவு பத்து மணிக்கு டாக்சி பிடித்து ஸ்டேஷனுக்குப் போனார்கள்.

வண்டி முந்திய ராத்திரியே போய்விட்டது!

13ஆம் தேதி 00.20 என்றால் 12ஆம் தேதி ராத்திரி சாப்பிட்டுவிட்டுக் கிளம்ப வேண்டும். நமக்கு நாள் விடிந்தால்தான் பிறக்கும். ரயில்வேக்கு நள்ளிரவிலேயே பிறந்துவிடுகிறது. பொங்கல் நெரிசலில் வேறு டிக்கெட் ஏது? புளிச்சாதத்தைச் சாளுக்கே பங்கு வைத்துக் கொடுத்தார்கள். எனக்கும் ஒரு பொட்டலம் வந்தது. தொண்டையில் இறங்கவில்லை.

டிக்கெட்டில் பூஜ்யத்தில் தொடங்கும் மணி இருந்தால் உடனே முந்திய நாள் தேதியைப் பென்சிலால் பக்கத்தில் எழுதிவையுங்கள்.

இன்னொன்று. "மூன்றாம் நாள் போய்ச் சேரும்" என்றதும் மூன்று நாள் பயணம் என்று பயப்பட வேண்டாம். முதல் நாள் 20.35க்குக் கிளம்பி, மூன்றாம் நாள் 10.20க்கு இறங்குகிறீர்கள் என்று வையுங்கள். முதல் நாள் 20.35ல் இருந்து இரண்டாம் நாள் 20.35 வரை 24 மணி. அங்கே இருந்து மூன்றாம் நாள் 10.20 வரை 13 மணி 45 நிமிடம். மொத்தம் 37 மணி 45 நிமிடம். மூன்று தேதியைத் தொடுகிறது, இரண்டு நாள்கூட முழுசாக ஆகவில்லை. சாப்பாட்டுக் கணக்கில் சொன்னால் ராச்சாப்பாடு இரண்டு, காலைப் பலகாரம் இரண்டு, மத்தியானச் சோறு ஒன்று. பெண்களுக்கு இந்தக் கணக்கு எப்போதும் தப்புவதில்லை!

ஒரே ஊரில் இரண்டு மணி

இரண்டு மணிகளுக்கு நடுவில் எவ்வளவு நேரம் என்று கேட்கும் முன், இரண்டும் ஒரே கடிகாரத்தின் மணிதானா என்று கேட்க வேண்டிய காலம் ஒன்று பம்பாயில் இருந்தது. எத்தனை பேருக்குத் தெரியும்?

சூரியன் கிழக்கே முதலில் உதிக்கிறது. தீர்க்கரேகையில் ஒரு பாகைக்கு 4 நிமிட வித்தியாசம். சென்னையில் உச்சி வேளை வந்து சுமார் அரை மணி கழித்துத்தான் பம்பாய்க்கு உச்சி வேளை. அந்தக் காலத்தில் ஒவ்வோர் ஊரும் தன் தலைக்கு மேல் உள்ள சூரியனைப் பார்த்து மணி வைத்துக்கொண்டது.

ரயில் வந்ததும் இது சரிப்படவில்லை. வழியில் உள்ள ஊரெல்லாம் வெவ்வேறு மணி காட்டினால் கால அட்டவணை எப்படிப் போடுவது? ஆகவே ரயில்கள் எல்லாவற்றுக்கும் ஒரே மணியாகச் சென்னை மணியை வைத்தார்கள். சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792ல் கட்டிய வானாராய்ச்சிக் கூடத்தின் மணி! பம்பாய் ஸ்டேஷன் கடிகாரத்திலும் நம்ம ஊர் மணிதான் ஓடியது.

வெளியே தெருவில் பம்பாய் மணி. ஸ்டேஷனுக்குள் சென்னை மணி. இரண்டுக்கும் அரை மணி வித்தியாசம். வீட்டுக் கடிகாரத்தை நம்பி வந்தவருக்கு வண்டி கிடைக்காது!

1881ல் கவர்னர் ஜேம்ஸ் பெர்குசன் பம்பாய் அரசு அலுவலகங்களுக்கும் சென்னை மணிதான் என்று உத்தரவு போட்டார். ஊர் ஒத்துக்கொள்ளவில்லை. 1883ல் உத்தரவைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று.

பிறகு 1906 ஜனவரி 1 முதல் இந்தியாவுக்கெல்லாம் பொது மணி வந்தது. கிரீன்விச்சுக்கு ஐந்தரை மணி முந்தியது. இன்று நம் கையில் உள்ள மணி அதுதான். பம்பாய் மணியைவிட அது 39 நிமிடம் முன்னால் ஓடியது. அந்த ஜனவரியிலேயே பம்பாய் மில் தொழிலாளர்கள் தறியை நிறுத்திவிட்டு ஆலைகள்மேல் கல் வீசினார்கள்.

கடிகாரத்துக்காகவா கல் வீசுவது என்று நினைக்கலாம். நினைத்துப் பாருங்கள்: முள்ளை 39 நிமிடம் முன்னால் தள்ளினால் அதே "ஆறு மணி" சங்குக்கு 39 நிமிடம் சீக்கிரம் எழுந்திருக்க வேண்டும். இருட்டில் கிளம்ப வேண்டும். ராத்பாளி பார்த்தவர்களுக்கு அரை மணித் தூக்கத்தின் அருமை தெரியும்.

கல்கத்தா 1948ல் பொது மணிக்கு வந்துவிட்டது. பம்பாயோ வீம்பு பிடித்தது. பொது மணியும் பம்பாய் மணியுமாக ஒரே ஊரில் இரண்டும் ஓடின. மாநகராட்சி 1955ல்தான் பம்பாய் மணியைக் கைவிட்டது. காட்கோபர் மாநகராட்சி எல்லைக்குள் வந்தது 1950ல். அந்தக் கடைசி ஐந்து வருஷம் நம் பகுதிக்கும் இந்தக் குழப்பத்தில் பங்கு உண்டு!

1853 ஏப்ரல் 16ஆம் தேதி போரிபந்தரில் இருந்து தாணாவுக்குக் கிளம்பிய நாட்டின் முதல் பயணிகள் ரயில் இந்தப் பாதையில்தான் போனது. கிளம்பிய நேரம் மாலை 3.35 என்று படிக்கிறோம். அன்றைக்குப் பொது மணி ஏது? பம்பாய் மணி 3.35 என்றால் நம் கைக்கடிகாரத்தில் 4.14! இந்த 39 நிமிடத்தை யாரும் நினைப்பதில்லை.

நாழிகை போடுகிறவர்கள் கவனிக்க

நம் வீடுகளில் இன்றும் விடாமல் நடக்கும் நேரக் கணக்கு ஒன்று உண்டென்றால் அது ஜாதகம்தான். நம்புகிறவர்கள் நம்பட்டும், நம்பாதவர்கள் விடட்டும். கணக்கைக் கணக்காகப் பார்ப்போம்.

சூரிய உதயத்தில் இருந்து குழந்தை பிறந்த நேரம் வரை எவ்வளவு என்று கண்டுபிடித்து, அதை நாழிகை ஆக்குகிறார்கள். இதற்கு உதயாதி நாழிகை என்று பெயர். ஒரு நாழிகை 24 நிமிடம். நாள் முழுவதும் 60 நாழிகை.

காட்கோபரில் ஒரு குழந்தை மாலை 2.50க்குப் பிறக்கிறது. அன்று இங்கே உதயம் காலை 6.38. நடந்து போவோம்: ஏழுக்கு 22 நிமிடம், பன்னிரண்டுக்கு 5 மணி, பிறகு 2 மணி 50 நிமிடம். மொத்தம் 8 மணி 12 நிமிடம். நிமிடமாக்கினால் 492. அதை 24ஆல் வகுத்தால் இருபதரை நாழிகை.

இங்கே நம்மவர்கள் பலர் செய்யும் தப்பு என்ன தெரியுமா? பிறந்த நேரத்தை ஊருக்குப் போனில் சொல்லிவிடுவார்கள். ஊர் ஜோசியர் அங்கே உள்ள பஞ்சாங்கத்தில் அங்கத்திய உதயத்தை எடுத்துப் போட்டுவிடுவார். அங்கே சூரியன் சுமார் அரை மணி முன்பே உதித்துவிடுகிறது. ஒன்றேகால் நாழிகை கூடிப்போகும். ஒரு லக்கினமே சராசரி ஐந்து நாழிகைதான். பிறந்த ஊர் மும்பை என்று சேர்த்துச் சொன்னால் தெரிந்தவர்கள் திருத்திப் போடுவார்கள்.

பெரியவரின் இரண்டு நட்சத்திரம்

எங்கள் கட்டடத்தில் ஒரு பெரியவர் இருக்கிறார். பாங்கில் வேலை பார்த்து ரிடையர் ஆனவர். 1944ல் மாதுங்காவில் பிறந்தார். எண்பது தாண்டியதும் பிள்ளைகள் சதாபிஷேகம் செய்ய விரும்பினார்கள். புரோகிதர் ஜென்ம நட்சத்திரம் கேட்டார்.

பெரியவர் டிரங்குப் பெட்டியில் இருந்து அப்பாவின் டைரியை எடுத்து வந்தார். "மாலை 4.10க்கு ஆண் குழந்தை. தாயும் சேயும் நலம்" என்று பழுப்பு மையில் எழுதியிருந்தது. என்னிடம் கொடுத்து, "நீர் மணிக் கணக்குக்காரர் ஆச்சே, பாரும்" என்றார்.

பார்த்தேன். பார்க்கப் பார்க்கத் தலை சுற்றியது!

அது யுத்த காலம். 1942 செப்டம்பர் 1 முதல் 1945 அக்டோபர் 15 வரை சர்க்கார் நாட்டின் மணியை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்திருந்தது. டைரியில் உள்ளது அந்த மணி என்றால், இன்றைய கணக்கில் அவர் பிறந்தது 3.10க்கு.

ஆனால் மாதுங்காவில் பம்பாய் மணியும் புழக்கத்தில் இருந்ததே! அப்பா பார்த்தது அந்தக் கடிகாரம் என்றால் 39 நிமிடத்தைக் கூட்ட வேண்டும். 4.49 ஆகிறது.

3.10க்கும் 4.49க்கும் நடுவில் எவ்வளவு? நாலுக்கு 50 நிமிடம், பிறகு 49 நிமிடம். ஆக 1 மணி 39 நிமிடம். நாழிகையில் நாலுக்குச் சற்று மேல்.

போனால் போகிறது என்று விடவும் முடியவில்லை. புரோகிதர் பழைய பஞ்சாங்கத்தைப் பார்த்துவிட்டு, அன்று நாலு மணி வாக்கில்தான் நட்சத்திரம் மாறுகிறது என்றார். முந்திய மணி என்றால் ஒரு நட்சத்திரம், பிந்திய மணி என்றால் அடுத்த நட்சத்திரம்!

"உங்கள் அப்பாவுக்கு எங்கே வேலை?" என்று கேட்டேன்.

"ரயில்வே கிளார்க்" என்றார்.

"அப்படியானால் பொது மணிதான். யுத்த மணி. 3.10" என்றேன். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பெரியவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னார்: "ஆனால் நான் பிறந்தபோது அப்பா டியூட்டியில் இருந்தார். மணி பார்த்தது பாட்டி."

கடைசியில் ஆவணி மாதத்தில் ஒரு நாள் பார்த்து, இரண்டு நட்சத்திரத்துக்கும் அர்ச்சனை செய்து சதாபிஷேகத்தை நடத்தினார்கள். பாயசம் நன்றாக இருந்தது.